கடல் கடக்கும் தம்பதிகளும் குடியேற்றச் சட்டங்களும்

தாய்நாட்டை விட்டு அயல் நாட்டில் நிரந்தரமாகக் குடியேற விரும்பும் இளந் தம்பதிகளின் விஷயம் இந்நாளில் வீட்டுத் திண்ணைப் பேச்சோடு நின்றுவிடவில்லை; தேசப் பிரச்னைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. இந்தியப் பிரஜா உரிமையைத் துறந்தவர்களின் தொகை 2022-ம் வருஷத்தில் 2,25,620 என்றும், 2023-ம் வருஷத்தில் 2,16,219 என்றும் மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிரஜா உரிமையைத் துறப்பது நெடும் பாதையின் கடைசிப் படி. இன்று விசா மனுவில் கையெழுத்திடும் தம்பதிகள் அப்பாதையின் முதற் படியில் நிற்கிறார்கள். இவர்களைத் தேச பக்தியற்றவர்களென்று இகழ்வதால் ஒரு பயனுமில்லை. பிழைப்பையும் கல்வியையும் கருதிக் கடல் கடப்பது தமிழருக்குப் புதிதன்று. ஆனால் எந்த நிபந்தனையின்மேல் கடக்கிறோம் என்பதை அறிந்து கடக்கவேண்டும். 'எந்த நாட்டு விசா சீக்கிரம் கிடைக்கும்?' என்றே நம்மவரில் பலர் கேட்கிறார்கள். 'அங்கே இறங்கிய பின் கணவன், மனைவி இருவருக்கும் என்ன உரிமை உண்டு?' என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி என்பது நம் அபிப்பிராயம்.

குடியேற்றச் சட்டம் விவாக பந்தத்தில் கைவைப்பது நேற்று இன்று தோன்றிய வழக்கமன்று. 1913-ம் வருஷம் மார்ச்சு மாதம் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி ஸெர்ல், பல மனைவியரை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த விவாகங்கள் குடியேற்றச் சட்டத்தின்முன் செல்லா என்று தீர்ப்பளித்தார். ஒரே பேனா வீச்சில் ஆயிரக் கணக்கான இந்திய மனைவியரின் அந்தஸ்து கேள்விக்கு இடமாயிற்று. அதன்பின்னரே காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் நேரே இறங்கினார்கள். சிறை சென்று மீண்டு, 1914-ம் வருஷம் பிப்ரவரி மாதம் பதினாறு வயதிலேயே உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் தியாகத்தைத் தமிழர் மறக்கமாட்டார்கள். அவ்வருஷமே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டத்தால் அவ்விவாகங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. கணவனும் மனைவியும் ஒரு நாட்டில் சேர்ந்து வாழும் உரிமை, யாரோ மனமிரங்கி அளித்த சலுகையாக வரவில்லை. கேட்டுப் பெறப்பட்ட உரிமையாகவே வந்தது.

இன்று சட்டப் புத்தகங்களில் நிறத்தின் பெயரும் மதத்தின் பெயரும் இல்லை. அவற்றின் இடத்தில் சம்பளத் தொகையும், வயதும், பாஷைப் பரீக்ஷையும், மார்க்குக் கணக்கும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தம்பதிகளைப் பொறுத்தமட்டில் எல்லா விசாக்களையும் இரண்டே வகைகளில் அடக்கிவிடலாம். ஒன்று, தொடக்கத்திலேயே இருவருக்கும் சமமாக நிரந்தர வாச உரிமை அளிப்பது. மற்றொன்று, ஒருவருக்குத் தற்காலிகமாக வேலை அனுமதி தந்து, மற்றவரை அவருடைய 'சார்ந்தவர்' என்று குறித்து வைப்பது. இரண்டாவது வகையில், முதல்வரின் வேலை போனால் சார்ந்தவரின் வாசமும் போகும். மணவாழ்க்கை முறிந்தாலும் போகும். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாட்டின் நிலைமையையும் பார்ப்போம்.

நம்மவர் அதிகமாக ஆசைப்படும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே உத்தியோகத்தின் பேரில் வழங்கும் நிரந்தர வாசச் சீட்டுகள் வருஷத்துக்குச் சுமார் 1,40,000. இத்தொகையில் மனுதாரர் மட்டுமின்றி அவருடைய மனைவி மக்களும் அடக்கம். எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்க்கும் நூற்றுக்கு ஏழு வீதத்துக்கு மேல் சாதாரணமாகக் கிடையாது. நூற்று நாற்பது கோடி ஜனங்களுள்ள இந்தியாவுக்கும் ஏழு வீதந்தான். சிறியதொரு தீவுக்கும் ஏழு வீதந்தான். இதன் பலனாக, 2025-ம் வருஷ முடிவில் இந்தியாவில் பிறந்த மேற்படிப்பாளருக்குரிய வரிசையில் 2013-ம் வருஷத்தில் மனுச் செய்தவர்களின் முறையே நடந்துகொண்டிருந்தது. இன்று வரிசையின் கடைசியில் போய் நிற்கும் தம்பதிகள் எத்தனை பத்தாண்டுகள் நிற்கவேண்டும் என்று அச்சர்க்காராலேயே உறுதி கூற முடியாது. காத்திருக்கும் காலத்தில் பிள்ளைக்கு இருபத்தொரு வயது நிரம்பிவிட்டால், அவன் பெரும்பாலும் பெற்றோரின் மனுவிலிருந்து விலக்கப்படுகிறான்.

இவ்வரிசையில் மனைவியின் நிலைமை மிகவும் பரிதாபமானது. எச்-1பி விசாவில் கணவன் போனால் அவள் எச்-4 விசாவில் போகிறாள். 2015-ம் வருஷம் வரையில் அவள் எவ்வளவு படித்தவளாயினும் ஊதியத்துக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. அவ்வருஷம் பிறந்த விதியின்படி, கணவனுடைய நிரந்தர வாச மனு ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய பின்னரே அவள் வேலை அனுமதி கேட்கலாம். சீட்டுகளை எண்ணும்போது அவளையும் ஒரு தலையாக எண்ணுகிற சட்டம், உழைக்கும் உரிமை என்று வரும்போது அவளைக் கணவனின் நிழலாகப் பார்க்கிறது. இதைவிட முரண்பாடு வேறென்ன வேண்டும்? போதாக் குறைக்கு, அயல் நாட்டிலிருந்து புதிதாக எச்-1பி தொழிலாளரை வரவழைக்கும் முதலாளி ஒரு லக்ஷம் டாலர் கட்டவேண்டும் என்ற பிரகடனத்தை 2025 செப்டம்பர் மாதம் அதிபர் டிரம்ப் பிறப்பித்தார்.

இதே சட்டத்தில் தம்பதிகளுக்கு அனுகூலமான ஒரு சந்தும் இருக்கிறது. அதைப் பலர் அறியார். வரிசை கணக்கிடப்படுவது பிரஜா உரிமையைக் கொண்டன்று, பிறந்த தேசத்தைக் கொண்டு. கணவன் தஞ்சையில் பிறந்து மனைவி சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இலங்கையிலோ பிறந்திருந்தால், இருவரும் சேர்ந்து போகும்போது அவளுடைய பிறந்த தேசத்தின் கணக்கிலேயே கணவனும் சேரலாம். கடல் கடந்த சம்பந்தங்கள் மிகுந்த தமிழ்க் குடும்பங்களில் இவ்வாய்ப்பு அபூர்வமன்று. மனைவியின் பிறப்புச் சான்று கணவனுடைய பட்டங்களைவிட அதிகப் பயன் தரும் இடம் இது.

பிரிட்டனின் போக்கு வேறு விதமானது. அங்கே விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. முதியோரையும் நோயாளரையும் பராமரிக்க ஆட்கள் போதவில்லை என்று 2022-ம் வருஷம் பிப்ரவரியில் பராமரிப்புத் தொழிலாளருக்கு விசா திறந்துவிட்டார்கள். 2024 மார்ச்சு 11-ந் தேதி முதல், அவ்விசாவில் புதிதாக வருவோர் கணவனையோ மனைவியையோ மக்களையோ அழைத்துவரக் கூடாதென்று தடை செய்தார்கள். 2025 ஜூலை 22-ந் தேதி முதல் வெளிநாட்டிலிருந்து அத்தொழிலுக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மூன்றரை வருஷத்துக்குள் கதவு திறந்து, பாதி சாத்தி, பின்பு அடைபட்டது. அதே ஜூலையில் தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்குரிய சாதாரணச் சம்பள வரம்பு 41,700 பவுண்டாக உயர்ந்தது. நிரந்தர வாசத்துக்கு ஐந்து வருஷம் என்றிருந்த காலத்தைப் பொதுவாகப் பத்து வருஷமாக்கும் யோசனையை 2025 மே மாதம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அம்மந்திரி சபை தெரிவித்தது. பிரிட்டிஷ் பிரஜையோ நிரந்தர வாசியோ தம் வாழ்க்கைத் துணையை வரவழைக்க வேண்டிய வருமான வரம்பும் 18,600 பவுண்டிலிருந்து 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாயிற்று. குறைந்த சம்பளக்காரனுக்கு மனைவியுடன் வாழ உரிமை இல்லை என்பதே இதன் பச்சையான அர்த்தம். தேர்ச்சித் தொழிலாளரின் துணைவர் அங்கே வேலை செய்யலாம் என்பது உண்மையே. ஆயினும் போய்ச் சேரும்போது இருந்த விதி, நிரந்தர வாசம் கேட்கும்போது இருக்கும் என்று நம்பி வீட்டையும் நிலத்தையும் விற்பது விவேகமாகாது.

இனிக் கானடாவைப் பார்ப்போம். 1914-ம் வருஷம் 376 பிரயாணிகளுடன் வான்கூவர் துறைமுகம் சேர்ந்த கோமகட்டா மாரு கப்பலை இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி, மிகச் சிலரைத் தவிர மற்றவரையெல்லாம் திருப்பியனுப்பிய தேசம் அது. அச்செயலுக்காக 2016 மே மாதத்தில் அந்நாட்டுப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். இன்று அந்நாடு பின்பற்றும் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறை 2015 ஜனவரியில் ஆரம்பமாயிற்று. இதில் தேர்வு பெற்ற தம்பதிகள் இருவரும் ஒரே நாளில் நிரந்தர வாசிகளாகிறார்கள். மனைவி எந்த வேலையும் செய்யலாம். கணவனின் உத்தியோகம் போனாலும் அவள் உரிமை போவதில்லை. ஐந்து வருஷத்தில் 730 நாள் அங்கே வசித்தால் உரிமை நிலைக்கும்; 1,095 நாள் வசித்தால் பிரஜா உரிமைக்கு மனுச் செய்யலாம். நாம் முன்பு சொன்ன முதல் வகைக்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் மார்க்குக் கணக்கைக் கூர்ந்து பார்க்கவேண்டும். வயது, கல்வி, பாஷை, கானடிய அனுபவம் ஆகியவற்றுக்குத் தனி மனிதருக்கு 500 மார்க்கு வரையில் உண்டு. தம்பதிகளாயின் முதல் மனுதாரருக்கு 460, துணைவருக்கு 40 என்று பிரிக்கப்படும். துணைவரின் நாற்பதில் இருபது பாஷைப் பரீக்ஷைக்கு உரியது. மனைவி அப்பரீக்ஷைக்குப் போகாவிட்டால் அந்த மார்க்குகள் அப்படியே போய்விடும். யாரை முதல் மனுதாரராக நிறுத்துவது என்பதைத் தம்பதிகளே தீர்மானிக்கலாம். இருபது முதல் இருபத்தொன்பது வயது வரையில் வயதுக்கு முழு மார்க்கு. முப்பதிலிருந்து குறைந்துகொண்டே போய் நாற்பத்தைந்தில் ஒன்றுமில்லை. ஒரு மாகாணம் சிபார்சு செய்தால் 600 மார்க்கு கூடுதலாகச் சேரும். பிரெஞ்சு பாஷை நன்கறிந்தவர்களைக் குறைந்த மார்க்கிலேயே அழைக்கிறார்கள். வேலை உத்தரவுக்குக் கொடுத்துவந்த மார்க்குகளை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆகவே, மார்க்குக்காக வேலை உத்தரவு வாங்கித் தருவதாகச் சொல்லி இன்று எவனாவது பணம் கேட்டால் அவன் மோசக்காரன் என்று தெரிந்துகொள்ளலாம். கதவும் முன்போல் அகலமாக இல்லை. 2025-ம் வருஷத்துக்கு ஐந்து லக்ஷம் பேர் என்றிருந்த திட்டத்தை 3,95,000-ஆகக் குறைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் முறையும் இதையொத்ததே. 1901-ம் வருஷத்துச் சட்டத்தில் பாஷைப் பரீக்ஷை என்ற பெயரால் வெள்ளையரல்லாதாரை விலக்கிய அத்தேசம், இன்று நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட தேர்ச்சியாளரை 65 மார்க்கு என்ற குறைந்த அளவு வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. உண்மையில் அழைப்புப் பெற அதற்கு மேலேயே வேண்டியிருக்கும். துணைவரும் தேர்ச்சித் தொழிலும் இங்கிலீஷ் அறிவும் உடையவரானால் 10 மார்க்கு. இங்கிலீஷ் மட்டும் போதிய அளவு அறிந்தால் 5. இரண்டும் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 189, 190 என்ற இலக்கமுள்ள விசாக்கள் இருவருக்கும் உடனே நிரந்தர வாசம் அளிப்பவை. 491 என்பது பெருநகரங்களுக்குப் புறம்பான பிரதேசங்களுக்குரிய ஐந்து வருஷத் தற்காலிக விசா. மூன்று வருஷம் அங்கே வசித்து உழைத்த பின் நிரந்தர வாசம் கேட்கலாம். இதற்குப் பதினைந்து மார்க்கு கூடக் கிடைப்பதால் பலர் இதை நாடுகிறார்கள். நாடட்டும், ஆனால் இது பாதி வழிதான் என்பதை அறிந்து நாடவேண்டும்.

ஐரோப்பாவில் ஜெர்மனியைக் குறிப்பிடாமல் விடலாகாது. அங்கே 'நீல அட்டை' பெற்ற தேர்ச்சியாளரின் துணைவர், புறப்படுமுன் ஜெர்மன் பாஷைப் பரீக்ஷை தேறவேண்டியதில்லை. போனவுடன் எவ்வேலையும் செய்யலாம். அட்டைக்காரர் பாஷையில் இடைநிலைத் தேர்ச்சி பெற்றால் 21 மாதத்திலும், ஆரம்பத் தேர்ச்சி மட்டுமிருந்தால் 27 மாதத்திலும் நிரந்தர வாசம் கோரலாம். தற்காலிக விசாவையே கொடுத்தாலும் துணைவரை மதித்து நடத்த முடியும் என்பதற்கு இது சாக்ஷி. புதிய பாஷை கற்கச் சோம்பாதவர்கள் இதைக் கவனிப்பது நலம்.

முதலில் படிக்கப் போய்ப் பின்பு தங்கிவிடலாம் என்பது இன்னொரு வழி. இவ்வழியில் தம்பதிகளுக்கு இப்போது முட்கள் அதிகம். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு முதலிய சிலவற்றுக்கு வருவோர் தவிர மற்ற மாணவர்கள் துணைவரை அழைத்துச் செல்ல முடியாது. கானடாவில் 2025 ஜனவரி முதல், பதினாறு மாதத்துக்குக் குறையாத முதுகலைப் படிப்பு, டாக்டர் பட்டம், வைத்தியம் போன்ற சில தொழிற் படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவரின் துணைவருக்கே பொதுவான வேலை அனுமதி உண்டு. ஏதோ ஒரு சிறு கல்லூரியில் பெயரைப் பதிந்து மனைவியின் சம்பளத்தில் காலந் தள்ளலாம் என்று கடன் வாங்கிப் புறப்பட்டால் நடுக்கடலில் நிற்கவேண்டியதுதான்.

தரகர்களைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். தனி மனிதராக மனுச் செய்தால் மார்க்கு கூடும் என்று கூறி, விவாகத்தை மறைக்கச் சொல்லும் தரகர்கள் உண்டு. இது படுகுழி. கானடாவில் பொய்ச் செய்தி கொடுத்ததற்கு ஐந்து வருஷத் தடை. குறிப்பிடாமல் விட்ட மனைவியைப் பின்னால் வரவழைக்கும் உரிமையே அழியக்கூடும். அங்கே பணம் வாங்கி யோசனை சொல்ல வக்கீல்களும், அனுமதி பெற்ற ஆலோசகர்களும், குவிபெக் மாகாண நோட்டரிகளுமே அதிகாரம் பெற்றவர்கள். நம் மாகாணத்தில் 2009-ம் வருஷச் சட்டப்படி எல்லா விவாகங்களையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவுச் சான்றை முதலில் கையில் வைத்துக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குவதே முறை.

இன்னொன்றும் ஆண்மக்களுக்குச் சொல்லவேண்டும். புருஷனே முதல் மனுதாரனாக நிற்கவேண்டும் என்று எந்நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. நம்முடைய வழக்கமே அப்படிச் சொல்கிறது. மனைவி தாதியாகவோ, வைத்தியராகவோ, உபாத்தியாயினியாகவோ தேர்ச்சி பெற்றவளாயின் அவள் பெயரிலேயே கதவு விரைவில் திறக்கலாம். அவள் முன்னின்றால் தன் கௌரவம் குறையும் என்று கருதிக் குடும்பத்தின் வாய்ப்பைக் கெடுக்கும் கணவன், வீண் டம்பத்துக்கு மிகப் பெரிய விலை கொடுக்கிறான்.

நம் சர்க்காரின் கடமை என்ன? 2021-ம் வருஷம் பிரிட்டனுடன் செய்துகொண்ட குடிபெயர்ச்சி உடன்படிக்கையின் பயனாக, வருஷத்துக்கு மூவாயிரம் இந்திய இளைஞர் இரண்டு வருஷம் அங்கே வேலை செய்ய ஏற்பாடாயிற்று. பெரும் வெற்றியென்று அதைப் புகழ்ந்தார்கள். ஆனால் அவ்விசாவில் மனைவியையோ கணவனையோ உடன் சேர்க்க முடியாது; நிரந்தர வாசத்துக்கும் அது வழியாகாது. இளமையின் உழைப்பை இரண்டு வருஷத்துக்கு வாடகைக்கு விடும் உடன்படிக்கையில் குடும்பத்துக்கு இடமில்லாமற் போனதைப் பற்றி நம் பிரதிநிதிகள் வாதாடியிருக்கவேண்டும். இனிச் செய்யும் ஒவ்வொரு வர்த்தக உடன்படிக்கையிலும், நம் தொழிலாளருடன் போகும் துணைவருக்கு வேலை செய்யும் உரிமையும், முதல்வரின் வேலை போனால் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள நியாயமான அவகாசமும் நிபந்தனையாகக் கேட்கப்பட வேண்டும். உள்நாட்டில், வேலைக்கு ஆள் சேர்ப்போர் 1983-ம் வருஷக் குடிபெயர்ச்சிச் சட்டப்படி பதிவு பெறவேண்டும். விசா ஆலோசனை என்ற பெயரால் நடக்கும் வியாபாரத்தை அடக்கப் பஞ்சாப் 2012-ம் வருஷத்திலேயே தனிச் சட்டம் செய்தது. மற்ற மாகாணங்கள் அதைப் பார்த்துக் கற்கலாம். பொது வாழ்வில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் சட்டசபையிலும் வெளியிலும் இதற்காகக் கிளர்ச்சி செய்வார்களென்று நம்புகிறோம்.

கடைசியாக ஒரு வார்த்தை. நிரந்தர வாசி இந்தியப் பிரஜையாகவே இருக்கிறான்; அயல் நாட்டுப் பிரஜா உரிமையைத் தானே விரும்பி ஏற்ற அன்றே அவன் நம் பிரஜையல்லாதவனாகிறான். அதன்பின் கிடைக்கும் வெளிநாட்டு இந்தியர் அட்டையில் வோட்டு இல்லை. விவசாய நிலம் வாங்கும் உரிமையும் இல்லை. தம்பதிகள் இதையும் எண்ணிப் பார்த்து, இருவரும் ஒருமனப்பட்டு முடிவு செய்யட்டும். ஒருவரின் உழைப்பை வாங்கிக்கொண்டு மற்றவரைச் சுமையென்று கணக்கிடும் தேசத்தை நாடுவதற்கு முன், இருவரையும் இரண்டு மனிதர்களாக ஏற்கும் தேசம் உண்டா என்று தேடட்டும். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. உரிமையில் குறைவு இருத்தலாகாது.